லெ மோர்ன் மலையடியில் ஏழு நாள்

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காகக் கடல் கடந்து செல்வது நமது குலத்தாருக்குப் பழக்கமில்லாத காரியம். முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் தொழில். கடற்கரை என்றால் வலை உலர்த்தும் இடம், மீன் ஏலம் போகும் இடம், திரும்பி வராத மரத்தை எதிர்நோக்கிப் பெண்கள் நிற்கும் இடம். ஆகவே 2024-ஆம் ஆண்டு நமது குருத்துவ வெள்ளிவிழாவை முன்னிட்டு, மொரீஷியஸ் தீவிலே ஒரு கடற்கரை உல்லாச விடுதியில் ஏழு நாட்களுக்கு இடம் பதிவு செய்திருப்பதாக அண்ணன் மகன் வந்து சொன்னபோது, நாம் மகிழ்ந்ததைவிடத் திகைத்ததே அதிகம்.

"அங்கே போய் என்னப்பா செய்வது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம், சித்தப்பா. அதுக்குத்தான் போறோம்" என்றான் அவன்.

அவன் கப்பற் பொறியாளன். ஆண்டின் பாதியை எந்திர அறையின் வெக்கையில் கழிப்பவன். "அருளாளர் லவால் கல்லறையும் அங்கேதானே இருக்கு" என்று அவன் ஒரு வார்த்தை சேர்த்திராவிடில் நாம் மறுத்திருப்போம். குருமடத்து உணவறையில் உண்ணும்போது வாசிக்கக் கேட்ட வாழ்க்கை வரலாறுகளுள், விடுதலை பெற்ற அடிமைகளின் அப்போஸ்தலர் எனப்பட்ட அம்மருத்துவக் குருவின் வரலாறு நமது நெஞ்சில் தங்கிவிட்ட ஒன்று. அவரது திருநாள் செப்டம்பர் 9. பங்கைத் துணைக்குருவிடம் ஒப்படைத்துவிட்டு, அண்ணன் மகன், அவன் மனைவி, ஏழு வயதுச் சிறுமி ஆகியோருடன் செப்டம்பர் 3-ஆம் நாள் புறப்பட்டோம்.

மும்பையிலிருந்து வானூர்தியில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவே, எரிமலை எழுப்பிய தீவு அது. மனிதர் எவரும் குடியிருந்திராத இத்தீவுக்கு ஒல்லாந்தர் 1598-இல் தம் இளவரசர் மாரிசின் பெயரைச் சூட்டினர். பின்னர் பிரெஞ்சுக்காரர், 1810 முதல் ஆங்கிலேயர்; 1968 மார்ச் 12-இல் விடுதலை. ஆகவே இங்குள்ளவர் அனைவருமே எங்கிருந்தோ வந்தவர்கள். விரும்பி வந்தவர் சிலர். பிடித்துக் கொண்டுவரப்பட்டவரும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தவரும் பலர்.

வானூர்தி நிலையத்தில் மாற்றிய பணத்தைச் சிறுமி புரட்டிப் பார்த்து, "தாத்தா, தமிழ்!" என்று கூவினாள். ஆம், மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. தமிழ் எண்ணும் இருக்கிறது. 1998-இல் அச்சிட்ட புதிய தாள்களில் தமிழை இந்திக்குப் பின்னே தள்ளியபோது அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர்; அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மீண்டும் அச்சிட்டது. அவர்களில் மிகப் பலருக்குத் தமிழ் பேச வராது. வீட்டு மொழி கிரியோல். எனினும் முருங்கைக் கீரைக்கு அவர்கள் இன்றும் வழங்கும் பெயர் 'மூரூம்'; இரசம் அவர்கள் வாயில் 'ராசோன்' ஆகியிருக்கிறது. மொழி போனாலும் நாக்கு மறப்பதில்லை போலும்.

விடுதி தீவின் தென்மேற்கு முனையில், லெ மோர்ன் என்னும் மலையின் காலடியில் இருந்தது. வாசலில் குளிர்ந்த ஈரத்துவாலையும் பழரசமும் தந்து வரவேற்றனர். வாசலிலிருந்து அறைக்கு நடக்கும் தூரந்தான். ஆயினும் மின்கல வண்டியில் ஏற்றிச் சென்றனர். நமக்கெனத் தந்த ஓர் அறை, நமது பங்கு இல்லத்தின் கூடமும் அலுவலறையும் சேர்ந்த அளவு. கட்டிலின்மேல் துவாலையை அன்னப்பறவையாக மடித்து, அதன் கழுத்தருகே செம்பருத்திப் பூ ஒன்றையும் வைத்திருந்தார்கள். அதைக் கலைத்து முகம் துடைக்க மனம் வராமல், கொண்டுசென்ற துண்டையே பயன்படுத்தினோம். கடலுக்கு இருபது அடி தூரத்தில் நன்னீர்க் குளம் ஒன்று வெட்டப்பட்டிருந்தது. குளத்தில் கிடப்பவர்க்கு அதன் விளிம்பும் கடலும் ஒன்றாகவே தோன்றும். கடலைப் பார்த்தபடியே கடலில் இறங்காதிருக்க மனிதன் கண்ட உபாயம் இது.

அந்தக் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவைச் சுற்றி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு வளைந்து கிடக்கிறது. பெருங்கடலின் அலைகள் அனைத்தும் அத்திட்டில் மோதி, தொலைவில் ஒரு வெண்கோடாக உடைந்துவிடுகின்றன. உட்புறத்து நீர் ஏரி போல் அசையாது நிற்கிறது. மணல் வெண்மையாய்த் தெரியும் இடத்தில் வெளிர்பச்சை, ஆழத்தில் மயில்கழுத்து நிறம். நமது மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்து, இரண்டு தீவுகளே நீரில் அமிழ்ந்துபோகக் கண்டவர்கள் நாம். பொறாமையோடுதான் பார்த்தோம். இங்கும் ஆபத்து இல்லாமலில்லை. 2020 ஜூலை 25-இல் வாகாஷியோ என்னும் சரக்குக் கப்பல் தென்கிழக்குத் திட்டில் ஏறி, சுமார் 1,000 டன் எரியெண்ணெய் கொட்டியது. மக்கள் கரும்புத் தோகையைத் துணிப் பைகளில் அடைத்து மிதவைகளாகக் கட்டி அதைத் தடுக்க முயன்றார்கள்.

காலை உணவுக் கூடத்தில் பனிக்கட்டியின்மேல் மீன்களை வரிசையாகப் படுக்க வைத்து, பிரெஞ்சில் பெயர் எழுதியிருந்தார்கள். 'காப்பித்தேன்' என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்த மீன், நமது விளமீனின் இனம். செந்நிறமாய்க் கிடந்தது களவா. சிறுவயதில் நம் அன்னை கூடையில் சுமந்து விற்ற மீன்களை வெள்ளைக் கையுறை அணிந்தவர் வெள்ளித் தட்டில் பரிமாற, நாம் முள்கரண்டியால் கொத்திக்கொண்டிருந்தோம்.

மலையைப் பற்றி முதல் நாள் எவரும் சொல்லவில்லை. விடுதியின் விளம்பரத் தாளில் அது ஓர் அழகிய பின்புலப் படம், அவ்வளவே. 556 மீட்டர் உயரம். மூன்று புறமும் செங்குத்தான கருங்கற் சுவர். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் அதன் பின்னரும், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் தப்பியோடியவர்கள் இம்மலையின் குகைகளில் ஒளிந்து வாழ்ந்தனர். 1723-ஆம் ஆண்டின் அரசாணைப்படி, ஓடிப் பிடிபட்டவனுக்கு முதன்முறை காது அறுத்தல், தோளில் சூடு. இரண்டாம் முறை முழங்காலின் பின்புற நரம்பை வெட்டுதல். மூன்றாம் முறை மரணம். அதே ஆணைதான் அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமையில் அவர்களை வேலை வாங்கலாகாது என்றும் விதித்தது! ஓய்வுநாளைக் காக்கச் சொன்ன கையே நரம்பை வெட்டவும் எழுதிற்று. குருவாகிய நமக்கு அது எளிதில் செரிக்கவில்லை.

1835 பிப்ரவரி 1-இல் இங்கே அடிமைமுறை ஒழிந்தது. அச்செய்தியை அறிவிக்கக் காவலர்கள் மலையேறிச் சென்றார்களாம். உச்சியில் இருந்தவர்களோ தங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்றெண்ணி, ஒருவர்பின் ஒருவராகப் பாறையிலிருந்து குதித்து மாண்டார்களாம். இது வாய்வழி வந்த செய்தி. ஏட்டில் தேடுபவர் தேடட்டும்; கிரியோல் மக்கள் நெஞ்சில் அது ஏட்டைவிட ஆழமாய்ப் பதிந்திருக்கிறது. 2008-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இம்மலையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பிரிட்டிஷ் அரசு தன் பேரரசெங்கும் அடிமைகளை இழந்த உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு தந்தது. அடிமைகளுக்கு ஏதும் தரவில்லை.

மாலையில் சாய்வு நாற்காலியில் கிடந்து குருக்களின் கட்டளைச் செபத்தைச் சொல்லிக்கொண்டிருப்போம். மலையின் நிழல் மெல்ல இறங்கி வந்து குளத்தின்மேல் படியும். குளத்தில் கிடந்த விருந்தினர் குளிர்கிறதென்று எழுந்து போய்விடுவார்கள்.

நம் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கிரியோல் பெண்மணி. அவரது உடைமேல் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் குடும்பப் பெயர் மட்டும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு தமிழ்ப் பெயராக இருந்தது. அதைச் சுட்டிக் கேட்டபோது, "பாட்டனாருக்குப் பாட்டனார் மதராஸ்" என்று சிரித்தார். நாம் குரு என்று அறிந்ததும் 'மோன் பேர்' என்று அழைக்கலானார். என் தந்தையே என்பது பொருள்.

குருமடத்துப் பழக்கப்படி நாம் எழுந்தவுடன் படுக்கையை ஒழுங்குசெய்து, தரையையும் துடைத்துவிடுவது வழக்கம். ஓர் ஏழைப் பெண்ணின் பாரத்தைக் குறைக்கிறோம் என்ற உள்ளார்ந்த பெருமையும் அதிலே கலந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் தயங்கித் தயங்கி, "மோன் பேர், தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். மேற்பார்வையாளர் வந்து பார்த்தால் நான் விரிப்பு மாற்றவில்லை என்று எழுதிவிடுவார். நீங்கள் போர்த்தி வைத்ததைப் பிரித்து நான் மறுபடியும் போட வேண்டியிருக்கிறது" என்றார்.

நாணிப்போனோம். உமது ஊழியத்தை ஏற்றுக்கொள்ள நமக்குக் கூச்சமாய் இருக்கிறது என்று விளக்க முயன்றோம். அவர் துவாலையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்: "எல்லா விருந்தினரும் கூச்சப்பட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வது? 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள். 2021 அக்டோபரில்தான் முழுவதும் திறந்தார்கள். அப்போது இந்த அறைகளில் கூச்சப்படவும் ஆளில்லை. என் மகன் கடலுக்குப் போய் ஆக்டோபஸ் பிடித்து வந்தான், அதைத் தின்றோம்."

பிறகு உமக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டோம். ஞாயிறு வேண்டும் என்றார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. ஆனால் அது ஞாயிறாக அமைவது அபூர்வம். எட்டாம் தேதி ஞாயிறும் வேலைதான். மாலையில் பணி முடித்து, பாதித் தூரம் பேருந்தில் சென்று, மீதியை நடந்து, விடிவதற்குள் லவால் கல்லறைக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்றார். திங்கள் விடுப்புக் கேட்டிருக்கிறாராம், கிடைக்கவில்லையாம்.

வெள்ளியிரவு விடுதியில் சேகா நடனம். அடிமைகள் பண்ணைகளில் இரவு நெருப்பைச் சுற்றி ஆடிப் பாடியதில் பிறந்த கலை அது. ஆட்டுத்தோல் போர்த்திய ராவான் என்னும் வட்டப் பறையை, வாசிக்கும் முன் கலைஞர்கள் நெருப்பில் காய்ச்சினார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சுவதைக் கண்டவர்க்கு அந்தத் தோலின் வாசனையே போதும், ஆயிரக்கணக்கான மைல் தூரம் மறைந்துவிடும். பறை காய்ச்சியவர்களைக் கோவில் வாசலோடு நிறுத்திய ஊர்கள் நமது மறைமாவட்டங்களிலும் இருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. பூப்போட்ட அகன்ற பாவாடைகளை இரு கைகளாலும் விரித்துப் பெண்கள் ஆட, விருந்தினர் இறால் தட்டுகளுக்கிடையே கைதட்டினார்கள்.

நமக்குள் எதுவோ பொங்கிற்று. "இந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் நம் ஊரில் எத்தனை வீட்டில் உலை கொதிக்கும் தெரியுமா?" என்று அண்ணன் மகனைப் பார்த்துச் சற்று உரக்கவே கேட்டுவிட்டோம். அவன் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியும், சித்தப்பா" என்றான் அவன். அதற்குமேல் பேசவில்லை. சிறுமி மட்டும் ஒன்றும் அறியாமல் தாளத்துக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை அருகிலுள்ள காஸ் நோயால் என்னும் ஊரின் கார்மேல் அன்னை ஆலயத்தில் அவ்வூர்க் குருவோடு கூட்டுத் திருப்பலி நிறைவேற்றினோம். அன்னையின் பிறந்தநாளன்றோ அது? வேளாங்கண்ணியில் அந்நேரம் காவியுடைக் கூட்டம் கடலலையாய் நிற்கும்.

நண்பகலுக்குப் பின் விடுதி வேலியைக் கடந்து பொதுக் கடற்கரைக்கு நடந்தோம். அந்நாட்டில் கடற்கரை மணல் எவருடைய உடைமையும் ஆகாது. உயர் அலை தொடும் கோடு வரை அது மக்களுக்கே உரியது. கரையோர நிலத்தையும் அரசுதான் விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடுகிறது. சவுக்குத் தோப்பின் நிழலில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். பிரியாணிப் பானை, பருப்புப் பூரி, ஊறுகாய், பழைய மகிழுந்தின் பின்கதவைத் திறந்துவைத்துப் பாட்டு. கிழவி ஒருத்தி ராவானை மடியில் வைத்துத் தட்ட, பேரப்பிள்ளைகள் ஆடினார்கள். விடுதியில் கண்ட அதே சேகாதான். கைதட்டுவார் இல்லை, எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிறுமியை இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். நமக்கும் ஒரு தட்டு பிரியாணி வந்தது. அந்த வாரத்தில் நாம் இருமுறை கேட்டு வாங்கி உண்டது அது ஒன்றுதான்.

இரவு, தாயையும் மகளையும் விடுதியில் விட்டுவிட்டு, நாமும் அண்ணன் மகனும் வாடகை மகிழுந்தில் தலைநகரான போர்ட் லூயியை நோக்கிச் சென்றோம். நகருக்கு வெளியே வண்டியை நிறுத்தி நடக்கத் தொடங்கினோம். சாலை முழுவதும் மக்கள். கிரியோல்கள், நெற்றியில் குங்குமமிட்ட இந்துக்கள், முக்காடிட்ட இசுலாமியப் பெண்கள், சீனர். தோளில் குழந்தை, கையில் பூவும் மெழுகுதிரியும். தென்கோளத்துக் குளிர்காலத்தின் கடைசி நாட்களாதலால் காற்று சில்லென்றிருந்தது. எங்கோ வெட்டிய கரும்பின் மணம்.

வெகுதூரம் மௌனமாக நடந்த பிறகு அவன் பேசினான்.

"சித்தப்பா, அப்பா தோணியில மாலைத்தீவுக்குப் போவாரே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? தூத்துக்குடித் தோணியில் வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலேக்குச் சென்று வந்தவர் நம் அண்ணன். நாம் குருமடத்தில் இருந்த ஆண்டுகளில் நமது செலவுக்கு வீட்டிலிருந்து வந்த பணமெல்லாம் அந்தத் தோணிக் கூலிதான்.

"ராத்திரியில தோணி போறப்போ தீவுத் தீவா விளக்கு தெரியுமாம். வெள்ளைக்காரன் படுத்து ரெஸ்ட் எடுக்கிற இடம்டா அதெல்லாம், எப்படித்தான் இருக்கும்னு ஒரு நாள் உள்ள போய்ப் பாக்கணும்னு சொல்லுவாரு. நான் வேலைக்குச் சேந்ததும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள போயிட்டாரு. அதான் உங்களக் கூட்டிட்டு வந்தேன்."

2019-இல் அண்ணனை அடக்கம் செய்தவர்கள் நாமே. பெத்தானியாவில் ஆண்டவரின் பாதத்தில் ஊற்றப்பட்ட நறுமணத் தைலத்தின் விலையைக் கணக்கிட்டு, ஏழைகளின் பெயரால் கேள்வி எழுப்பியவன் எவன் என்று நாம் எத்தனை முறை பிரசங்கம் செய்திருப்போம்! அவன் தோளில் கை போட்டுக்கொண்டோம். மன்னிப்புக் கேட்டோமா என்றால், வார்த்தையால் கேட்கவில்லை. நம் குலத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டுப் பழகவில்லை.

சேந்த் குருவா, அதாவது திருச்சிலுவை என்னும் அவ்வூரை நள்ளிரவுக்குப் பின் அடைந்தோம். 1841-இல் 37 வயதில் இத்தீவில் இறங்கிய ழாக் தெசிரே லவால், நார்மண்டியில் மருத்துவராய் இருந்து குருவானவர். ஏறத்தாழ 66,000 பேர் அடிமைத்தளை நீங்கியும் நாதியற்றிருந்த காலம் அது. பகலெல்லாம் உழைத்தவர்களைப் பகலில் கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்று கண்டு, வேலை முடிந்த இரவு வேளையில் அவர்களுக்கு மறைக்கல்வி வைத்தார். அவர்களது கிரியோல் மொழியைக் கற்று, எளிய ஞானோபதேசம் ஒன்றை அம்மொழியிலேயே அமைத்தார். வெள்ளையர் பலர் இகழ்ந்தனர். 23 ஆண்டுகள் உழைத்து, தாய்நாடு திரும்பாமலே 1864 செப்டம்பர் 9-இல் இறந்தார். 1979 ஏப்ரல் 29-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவர் வரிசையில் சேர்த்தார். அத்திருத்தந்தை அவ்வாறு உயர்த்திய முதல்வர்களுள் ஒருவர் இவர்.

கல்லறையின்மேல் படுத்த கோலத்தில் அவரது சுரூபம். பூவால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே மக்கள் நகர்ந்தார்கள். அண்ணன் மகன் ஒரு மெழுகுதிரி ஏற்றினான். எவருக்கென்று நாம் கேட்கவில்லை. நாமும் ஒன்று ஏற்றினோம், விடுதிப் பெண்மணியின் கருத்துக்காக. கூட்டத்தில் அவரைத் தேடினோம். அவர் வயதில், அவர் நிறத்தில், அதே களைப்போடு ஆயிரம் பெண்கள் இருந்தார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை. விடியற்காலைத் திருப்பலி கண்டு, பகலில் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது அன்னப்பறவை கட்டிலின்மேல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை புறப்பாடு. காலையில் தாழ்வாரத்தில் அவரது தள்ளுவண்டிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தோம். கால் வீங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. விடிய இருவேளை நேரம் இருக்கும்போதே கல்லறையை அடைந்துவிட்டதாகவும், அப்படியே திரும்பி எட்டு மணிப் பணிக்கு வந்துவிட்டதாகவும் சொன்னார். நாம் ஏற்றிய திரியைப் பற்றிச் சொன்னோம். தலை குனிந்தார், ஆசீர் அளித்தோம். "படுக்கை?" என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

திரும்பிப் பார்த்தோம். கசங்கிய விரிப்பு, தரையில் சரிந்த போர்வை, ஒரு மூலையில் தலையணை. பல ஆண்டுகளில் முதன்முறையாக, படுக்கையைத் தொடாமல் அப்படியே விட்டிருந்தோம்.